கூடிய மைலேஜ் எங்கே போனது?

எங்கள் பக்கத்தில் யாராவது புதுக் கார் வாங்கினால், விலையைக் கேட்பதற்கு முன்பே லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டுவிடுவார்கள். கடலூர்க்காரர்களுக்குப் பெட்ரோல் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே பழக்கம். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, பெரியகங்கணாங்குப்பம் கடந்து, முள்ளோடைக்குப் போய்விட்டால் புதுச்சேரி தொடங்கிவிடும். அங்கே வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அதனால் புதுச்சேரியில் வேலை இருக்கிறதோ இல்லையோ, கன்னியக்கோவில் வரை போய் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். டேங்க் பாதி காலியாக இருக்கும்போது மகளைப் பார்க்க லாஸ்பேட்டைக்குப் புறப்படுவதுதான் எனக்கும் வழக்கம். போகும்போது பாதி, வரும்போது முழுசு. இப்படிக் காசு காசாக எண்ணுகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு கேள்வியை மட்டும் பல ஆண்டுகளாக என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

கேள்வி இதுதான். நான் முதன்முதலில் ஓட்டியது, 1990களின் தொடக்கத்தில் தயாரான ஒரு மாருதி 800. இரண்டாம் கையாக வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நான்கு கியர். காலையில் சோக்கை இழுத்தால்தான் கிளம்பும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்தது. இப்போது வைத்திருப்பது 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஒரு எஸ்யுவி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எப்போது எவ்வளவு பெட்ரோலைத் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு கணினி முடிவு செய்கிறது. வால்வுகள் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. ஆறு கியர். இத்தனையும் சேர்ந்து, அதே சாலையில், அதே நான் ஓட்டினால் கொடுப்பது 14. நடுவில் முப்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகளில் இன்ஜின் செய்பவர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?

இதை டீக்கடையில் கேட்டால் பதில் உடனே வரும். எண்ணெய்க் கம்பெனிகள் விடமாட்டார்கள், லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் கார்புரேட்டரை எவனோ கண்டுபிடித்தான், விலைக்கு வாங்கிப் புதைத்துவிட்டார்கள் என்பார்கள். இது நம் ஊரில் பிறந்த கதை இல்லை. 1930களில் கனடாவில் சார்லஸ் நெல்சன் போக் என்பவர் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒரு கேலனில் 200 மைல் ஓட்டும் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. யாராலும் அதை மெய்ப்பித்துக் காட்ட முடியவில்லை. ஆனால் கதை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக முளைத்தது. 1996இல் மூலிகை பெட்ரோல் செய்தி வந்தபோது தமிழ்நாடு முழுவதும் எப்படி நம்பத் துடித்தது என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பங்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் பர்ஸ் மெலிந்துகொண்டே போகும்போது, யாரோ எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுவது மனித இயல்பு.

எரிந்ததில் பெரும்பங்கு எங்கே போகிறது

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கொதிகலன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். வெப்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான். எரிபொருளின் வெப்பத்தை வேலையாக மாற்ற நினைத்தால், அதில் ஒரு பெரும்பங்கை வெளியே விட்டே ஆக வேண்டும். புகையோடு விடலாம், குளிர்விக்கும் நீரோடு விடலாம், விடாமல் மட்டும் இருக்க முடியாது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிறவர்கள் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றின் வாயிலிருந்து எழும் வெண்மேகம் அப்படி வெளியே விடப்பட்ட வெப்பம்தான். பழுப்பு நிலக்கரியில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் மின்சாரமாகக் கம்பியில் ஏறுகிறது. ஊரளவு பெரிய அந்த நிலையத்துக்கே அதுதான் கதி என்றால், பானட்டுக்கு அடியில் அடங்கிய ஒரு சிறு இன்ஜினிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? ரேடியேட்டர் வழியாக ஒரு பங்கு, சைலன்சர் வழியாக ஒரு பங்கு, பிஸ்டன் உராய்வில் கொஞ்சம் என்று போனபிறகு, அன்றாட ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தால் அது நல்ல இன்ஜின்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள சிறிய கார், சமதளச் சாலையில், 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களின் உருள்தடை, முகத்தில் மோதும் காற்றின் தடை இரண்டையும் வென்று ஒரு கிலோமீட்டர் நகர, அதற்குச் சுமார் கால் மெகாஜூல் ஆற்றல் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 120 கி.மீ.க்கு மேல் வருகிறது. டீக்கடையில் சொல்லும் அந்த நூறு கிலோமீட்டர் உண்மையிலேயே பெட்ரோலுக்குள் இருக்கத்தான் செய்கிறது. வெப்பமாகத் துளியும் இழக்காத இன்ஜின் இருந்தால் அதை எடுத்துவிடலாம். அப்படி ஓர் இன்ஜினை இயற்கை அனுமதிப்பதில்லை, எந்தக் கம்பெனியும் அதைப் புதைக்கத் தேவையில்லை.

சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு நெருக்கி அமுக்குகிறோமோ அவ்வளவு பலன் கூடும். நிக்கோலஸ் ஆட்டோ 1876இல் ஓட்டிக்காட்டிய நான்கு வீச்சு இன்ஜினிலிருந்து இன்றுவரை அடிப்படை அதுதான். ஆனால் அந்தப் பலன் ஏறுகிற விதத்தைப் பார்த்தால் சோர்வு வரும். கோட்பாட்டளவில் 8.7 மடங்கு அமுக்கினால் வெப்பத்தில் 58 சதவீதம் வேலையாக மாறும், 12 மடங்கு அமுக்கினால் 63 சதவீதம். அத்தனை பாடுபட்டு ஐந்து புள்ளிகள்தான் ஏறுகின்றன, அதுவும் காகிதத்தில். நடைமுறையில் கிடைப்பது இதில் பாதிக்குக் கிட்டத்தட்ட. அதற்கும் மேலே அமுக்கினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு ஈயச் சேர்மத்தை மருந்தாகக் கண்டுபிடித்தார். அந்த மருந்து உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றியது. இந்தியா 2000ஆம் ஆண்டில்தான் அதிலிருந்து முழுமையாக விடுபட்டது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தபோது இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைப் பிசகாமல் பிடித்தால்தான் அது சரியாக வேலை செய்யும். காற்றைக் கூட்டிப் பெட்ரோலைக் குறைத்து எரித்து மைலேஜ் பார்க்கும் வழி பெருமளவு அடைபட்டது. அது அடைபட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் பைக்கில் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான்.

இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் இன்ஜின்கள் மேம்பட்டுத்தான் வந்திருக்கின்றன. டொயோட்டா, பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் தன் ஹைபிரிட் கார்களுக்கான பெட்ரோல் இன்ஜினில் உச்சமாக 40 சதவீத வெப்பத்திறனை எட்டியது. ஆட்டோவின் காலத்திலிருந்து அளந்தால் அது மலையேறிய கதை. அப்படியிருந்தும் எனக்கு 17 ஏன் 14 ஆனது? இயற்பியல் ஏற்றத்தின் வேகத்தைக் குறைத்தது, சரி. இறக்கத்துக்கு அது காரணமாக முடியாதே.

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரி

பதில் முதலியார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடமிருந்து வந்தது. என்னைவிட வயதில் மூத்தவர், அம்பாசடர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். ஆயில் மாற்றக் காரை விட்டிருந்தேன். வழக்கமான புலம்பலை ஆரம்பித்தேன். பழைய 800 பதினேழு கொடுத்தது அண்ணே, இதில் பதினான்கைத் தாண்டவில்லை, இந்தக் கால இன்ஜின்களில் சரக்கு இல்லை என்றேன். அவர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு நிமிர்ந்து, “சார், இன்ஜின்மேல் பழி போடாதீர்கள். பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகம் வீட்டில் இருக்கிறதா? காலி எடை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்த வண்டியின் ஆர்.சி. உங்கள் பர்ஸில் இருக்கும், அதையும் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், யாரிடம் சரக்கு இல்லை என்று” என்றார். அவர் குரலில் கேலி இல்லை. தன் கையால் பிரித்துப் பூட்டிய பொருளுக்காகப் பரிந்து பேசும் ஒருவரின் குரலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோப்பில் கிடந்த பழைய ஆர்.சி. புத்தகத்தின் நகலை எடுத்தேன். காலி எடை 650 கிலோ. இப்போதைய காரின் அட்டையில் 1,200 கிலோவுக்கு மேல். ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொதிகலன் பிரிவில் ஒரு டன் நிலக்கரிக்கு எத்தனை டன் நீராவி என்றுதான் கணக்குப் பார்ப்போம். அதே பழக்கத்தில், ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு டன் எடையை எத்தனை கிலோமீட்டர் நகர்த்தியது என்று போட்டேன். பழைய 800 நகர்த்தியது 11 கி.மீ. புதிய கார் நகர்த்துவது கிட்டத்தட்ட 17 கி.மீ. ஒன்றரை மடங்கு! காற்றின் தடை எடையைச் சார்ந்தது இல்லை என்பதால் இது முற்றிலும் துல்லியமான அளவுகோல் ஆகாது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக இன்ஜின் செய்பவர்கள் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் ஈட்டித் தந்த அத்தனையையும் எடையாகவும் அகலமாகவும் உயரமாகவும் செலவழித்தவர்கள் வாங்குபவர்களும் விற்பவர்களும்தான்.

எடை மட்டுமா? பிக்கப் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். மைலேஜுக்கு அடுத்து ஷோரூமில் அதிகம் கேட்கப்படுவது அதுதான். பழைய 800இன் இன்ஜின் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. அதிலேயே நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளும் திருவண்ணாமலை வரை போய்வந்தோம். இப்போதைய காரில் 115. ஆனால் சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போக எவ்வளவு தேவை? முன்பு போட்ட கணக்கையே நீட்டினால், ஆறு குதிரைத்திறன் போதும். எடையும் ஏசியும் சேர்ந்தால் பத்துக்குப் பக்கம். மீதி நூறும் எப்போதாவது ஒரு லாரியை முந்தும் சில விநாடிகளுக்காகக் காத்துக்கிடக்கின்றன. வெறுமனே காத்துக்கிடந்தால் பரவாயில்லை. பெட்ரோல் இன்ஜின் தன் பலத்தில் சிறு பங்கை மட்டும் கொடுக்கும்போதுதான் மிக மோசமாக வேலை செய்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதிக்கும்போது காற்று போகும் வழி பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே பிஸ்டன்கள் பெட்ரோலைச் செலவழிக்கின்றன. பெரிய இன்ஜினில் இந்த வீண் எப்போதும் கூடவே ஓடுகிறது.

அமெரிக்காவில் நடந்ததும் இதுதான்

இது என் வீட்டுக் கதை மட்டும்தானா என்று தேடிப் படித்தபோது, அமெரிக்காவின் புள்ளிவிவரம் அப்படியே இதே கதையைச் சொன்னது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதை நிறுத்தியபிறகு, 1975இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் திறன் 1985க்குள் ஒரு கேலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கி.மீ. சட்டம் வேலை செய்தது. 1975இல் லிட்டருக்கு 5.5 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த புதிய வண்டிகளின் சராசரி (சட்டத்தின் கார்க் கணக்கு இல்லை, சிறு சரக்கு வண்டிகளையும் சேர்த்துச் சாலையில் கிடைக்கும் அளவு) 1987இல் 9.3ஐத் தொட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய தாவல்! பிறகு எண்ணெய் விலை சரிந்தது, அக்கறையும் சேர்ந்தே சரிந்தது. கார்களுக்கான அந்த 27.5 என்ற எண் 1990 முதல் 2010 வரை அசையவே இல்லை. சரக்கு வண்டி வகைக்கு விதி தளர்வாக இருந்ததால், எஸ்யுவிகளை அந்த வகையில் சேர்த்து விற்றார்கள். 2004இல் சராசரி 8.2 கி.மீ.க்கு இறங்கியிருந்தது. மின்கார்களையும் சேர்த்துக்கொண்டு 2023இல்தான் 11.5 ஆனது. இதே காலத்தில் சராசரிக் குதிரைத்திறன் 1980களின் தொடக்கத்தில் நூறைச் சுற்றி இருந்தது 250ஐத் தாண்டிவிட்டது. எடை 1,450 கிலோவிலிருந்து இரண்டு டன்னை நெருங்கிவிட்டது.

கிறிஸ்டோபர் நிட்டல் என்ற பொருளியலாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் இதை எண்ணாகவே எடுத்து வைத்தார். எடையும் குதிரைத்திறனும் இன்ஜினின் இழுவையும் (டார்க்) 1980இல் இருந்த அளவிலேயே நின்றிருந்தால், 2006க்குள் எரிபொருள் திறன் கிட்டத்தட்ட 60 சதவீதம் உயர்ந்திருக்கும். நிஜத்தில் உயர்ந்தது 15 சதவீதம். என் மேசையில் இரண்டு ஆர்.சி.களை வைத்துப் போட்ட ஒன்றரை மடங்குக் கணக்கும் இந்த 60 சதவீதமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எரிபொருளை இறக்குமதி செய்து கொட்டும் நாடு நாம். அமெரிக்கர்கள் முப்பது ஆண்டுகள் நடந்துபார்த்த பாதையை, எல்லா விவரமும் கண்முன்னே இருக்கும்போது, நாமும் ஏன் நடக்க வேண்டும்?

நடக்கத்தான் செய்கிறோம். 2010இல் பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு நீங்கியபிறகும் டீசலுக்கு மானியம் சில ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். சிக்கனம் வேண்டுகிறவர்கள் டீசலுக்குப் போய்விட்டதால் பெட்ரோல் காரில் சிக்கனத்தைக் கேட்க ஆளில்லாமல் போனது. 2014இல் டீசல் மானியமும் நின்று, 2020இல் புகை மாசுக்கான பிஎஸ் 6 விதிகள் வந்தபிறகு எல்லோரும் பெட்ரோலுக்குத் திரும்பினார்கள், ஆனால் இம்முறை எஸ்யுவியாகத் திரும்பினார்கள். இன்று விற்கும் கார்களில் பாதிக்கு மேல் அந்த வகைதான். நம் அரசும் 2017இலிருந்து நிறுவனங்களின் சராசரிக் கரியமில வாயு வெளியீட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. முதலில் கிலோமீட்டருக்கு 130 கிராம், 2022இலிருந்து 113. நல்லதுதான். ஆனால் அந்த வரம்பு எடையோடு கட்டப்பட்டிருக்கிறது. கனமான கார்களை விற்கும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் அதிகம் வெளியிட அனுமதி உண்டு. எடையைக் குறைத்துப் பெறும் பலனுக்கு முழுப் பரிசு கிடைப்பதில்லை. இந்த ஒரு இடத்தில் கை வைக்காமல் மற்ற எதைச் செய்தாலும் வேகம் பிடிக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எடை கூடியதில் ஒரு பங்கை நான் மனமார ஏற்கிறேன். பழைய 800இல் ஏர்பேக் இல்லை. பக்கவாட்டில் மோதினால் தாங்கும் கம்பி இல்லை. கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை பஸ்ஸோடு உரசிய அதே மாதிரிக் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கசங்கிய தகர டப்பா போலக் கிடந்தது. 2017க்குப் பிறகு வந்த மோதல் சோதனை விதிகளுக்காகவும் ஏர்பேக்குக்காகவும் நூறு, நூற்றைம்பது கிலோ கூடினால், அந்தப் பெட்ரோல் உயிருக்காக எரிகிறது. எரியட்டும். ஆனால் கூடியது 550 கிலோ. மீதி நானூறு எதற்காக? உயரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு, அகலச் சக்கரங்களுக்கு, கூரையில் திறக்கும் கண்ணாடிக்கு. பங்குனியிலேயே நெருப்புக் கொட்டும் ஊரில், அந்தக் கண்ணாடி வழியாக இறங்கும் வெயிலைத் தணிக்க ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்ட வேண்டியிருக்கிறது.

ஏசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் அது கேட்கும் பங்கைப் பலர் உணர்வதில்லை. மற்ற செலவெல்லாம் தூரத்துக்கு ஏற்ப ஏறும், ஏசி நேரத்துக்கு ஏற்பப் பெட்ரோல் குடிக்கும். நெடுஞ்சாலையில் அதன் சுமை பெரிதாகத் தெரியாது. அரியாங்குப்பம் பாலத்தில் தொடங்கி முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சதுக்கம் என்று ஊர்ந்துபோகும்போது, கத்திரி வெயிலில், நான்கு சக்கரங்களையும் உருட்ட ஆகும் ஆற்றலைவிட உள்ளே இருப்பவர்களைக் குளிர்விக்க ஆகும் ஆற்றல் அதிகமாகிவிடும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் காரை ஓட்டி மைலேஜ் அளப்பது ஏசியை அணைத்துவைத்துத்தான். அங்கே உச்ச வேகமும் 90 கி.மீ.தான். விளம்பரத்தில் இருக்கும் எண் வீட்டுக்கு வருவதற்குள் கரைந்துபோவதற்கு இதுவே பெரும் காரணம். இன்னொரு பக்கம், இப்போது திறந்திருக்கும் நான்கு வழிச்சாலையில் எல்லோரும் நூறில் பறக்கிறார்கள். 60இல் இருந்ததைப் போல 2.8 மடங்கு காற்றுத்தடை 100இல் இருக்கிறது. நிமிர்ந்த முகமுள்ள எஸ்யுவிக்கு அதன் வலி இன்னும் அதிகம்.

போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலந்தபிறகு ஒவ்வொரு லிட்டரிலும் ஆறு, ஏழு சதவீத ஆற்றல் குறைந்தே டேங்கில் இறங்குகிறது. அதற்கேற்ப வடிவமைத்த இன்ஜின் அதில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும், பழையவை மீட்காது. கரும்பு விவசாயிக்கு இதனால் பயன் என்றால் நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரனான நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் ஒரு லிட்டரின் விலையிலும் அந்தக் குறைவு தெரிய வேண்டும். முள்ளோடையில் சில ரூபாய் மிச்சம் என்று நாம் மகிழ்வதில் பெரும்பங்கு இதிலேயே போய்விடுகிறது.

எடையைக் கூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. 800இன் வாரிசான ஆல்டோ கே10, ஏர்பேக்குகளோடு சேர்த்தும் 800 கிலோவுக்குள் நிற்கிறது. ஏ.ஆர்.ஏ.ஐ. அளவில் லிட்டருக்கு 24 கி.மீ.க்கு மேல் கொடுக்கிறது. நாற்பது ஆண்டு இன்ஜின் உழைப்பு அந்தச் சிறிய காரில் சேதாரமில்லாமல் மைலேஜாக வந்து சேர்கிறது. பல ஆண்டுகள் நாட்டிலேயே அதிகம் விற்ற பெயர் ஆல்டோ. இன்று அதை வாங்கப் போகிறேன் என்றால் சொந்தக்காரர்களே முகம் சுளிக்கிறார்கள், வசதி வந்தபிறகும் இதுதானா என்கிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. சிறிய காரை வறுமையின் அடையாளமாக்கிவிட்டோம். ஜப்பானில் கெய் என்ற சிறு கார் வகைக்குத் தனி விதியும் வரிச் சலுகையும் வைத்து, பணக்காரரும் வெட்கமில்லாமல் ஓட்டும்படி பல பத்தாண்டுகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். நம் 800இன் மூதாதையும் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். இங்கே 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாகக் குறைத்து, பெரியவற்றுக்கு 40 என்று வைத்தது சரியான திசை. ஆனால் அந்தக் கோடு நீளத்தையும் சிசியையும்தான் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. நான்கு மீட்டருக்குள் எவ்வளவு உயரமாகவும் கனமாகவும் செய்ய முடியுமோ அவ்வளவும் செய்து கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது கார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லாஸ்பேட்டையிலிருந்து நெல்லித்தோப்பு வழியாக அலுவலகம், மாதம் சிலமுறை கடலூர். நின்று நின்று போகிற ஓட்டம்தான் அதிகம் என்பதால் ஹைபிரிட் பார்க்கச் சொன்னேன். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புவதும், சிக்னலில் இன்ஜினை உறங்கவைப்பதும்தான் இத்தனை ஆண்டுகளில் பெட்ரோல் காருக்குக் கிடைத்த உண்மையான பெரிய தாவல். விலை அவர்களுக்கு எட்டவில்லை. அடுத்ததாக இரண்டு கார்கள் பட்டியலில் இருக்கின்றன, ஒன்று சிறியது, ஒன்று உயரமானது. மாப்பிள்ளைக்கு உயரமானதில் ஆசை. இரண்டின் எடையையும் ஒரு தாளில் எழுதி, ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் பத்து ஆண்டுகளில் எத்தனை லிட்டர் வித்தியாசம் என்று போட்டுக் கொடுத்தேன். லிட்டருக்கு 19க்கும் 14க்கும் நடுவே அது 2,200 லிட்டரைத் தாண்டுகிறது. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “மாமா, இதை ஷோரூம்காரரிடமும் ஒருமுறை கேட்டுவிடுகிறேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.